பாப்-அப்பா, கெட்டிச் சுவரா, லாரிப் பெட்டியா? பான்-அமெரிக்கன் சாலைக்கு நால்வர் குடும்பத்தின் ட்ரக் கேம்பர்

அலாஸ்காவின் ஆர்க்டிக் கரையிலிருக்கும் ப்ரூடோ பேயிலிருந்து அர்ஜென்டினாவின் தெற்குக் கோடியான உஷுவாயா வரை, பான்-அமெரிக்கன் சாலை ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். அது வரைபடக் கணக்கு. வழியில் எரிமலையையும் ஏரியையும் எட்டிப் பார்த்தபடி போகிற குடும்பத்துக்கு 50,000-ஐத் தாண்டிவிடும். ஒரு வருடமாவது பிடிக்கும். பெரியவர்கள் இருவர், பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் என நான்கு பேர் இந்தத் தூரத்தைக் கடக்க எந்த வகை ட்ரக் கேம்பர் சரிவரும் என்று பார்ப்போம்.

ட்ரக் கேம்பர் என்பது பிக்அப்பின் லோடு பாடிக்குள் இறக்கி, கட்டி வைக்கிற சின்ன வீடு. மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது பாப்-அப்: கூரையைத் தூக்கினால் நடுவில் துணிச்சுவர் விரியும், ஓடும்போது இறக்கிவிடலாம். இரண்டாவது கெட்டிச் சுவர்: கூரை நிலையானது, கழிவறை, குளியலறை எல்லாம் உள்ளே. மூன்றாவது, லோடு பாடியையே கழற்றிப் போட்டுவிட்டு சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் நேராக ஏற்றும் நிலையான பெட்டி. ஃபோர்டு எஃப்-550 மாதிரி வண்டிகளில் கட்டுவது.

பலரும் கேம்பரின் உள்ளமைப்புப் படத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கட்டில் எந்தப் பக்கம், மேசையில் நால்வர் உட்காரலாமா, குளியலறை உண்டா என்று பார்த்து மனத்தைப் பறிகொடுத்துவிட்டு, அப்புறம்தான் அதைத் தூக்க வண்டி தேடுகிறார்கள். ஏற்கெனவே ஒரு பிக்அப் வைத்திருப்பவர்கள் இன்னும் மோசம். இருக்கிற வண்டியே போதும் என்று தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொள்வார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் தூணில் தெரிகிற மஞ்சள் ஸ்டிக்கர்.

எடைக் கணக்கு

அந்த ஸ்டிக்கர் சொல்வது ஒரே விஷயம்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இந்த எடையை மீறக் கூடாது. எரிபொருள் நிரம்பிய எடை வண்டிக் கணக்கில் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் நீங்கள் நால்வரும் சரக்குக் கணக்கில்தான் வருகிறீர்கள். ஒரே மாடலில், ஒரே வருடத்து வண்டிகளிலேயே எஞ்சின், நான்கு சக்கர இழுவை, கூரைக் கண்ணாடி ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண் நூற்றுக்கணக்கான கிலோ மாறும். விளம்பரத்தாளில் போட்டிருப்பது அந்த மாடலிலேயே மிக இலேசான வண்டிக்குரியது. வாங்கப்போகும் வண்டியின் ஸ்டிக்கரைத்தான் படிக்க வேண்டும்.

கேம்பர் விற்பவர் சொல்லும் 'உலர் எடை'யும் அப்படித்தான். தண்ணீர், எரிவாயு, பேட்டரி, சோலார் தகடு, பந்தல் எதுவும் அதில் இருக்காது. ஃபோர் வீல் கேம்பர்ஸின் ஹாக் மாதிரி ஒரு பாப்-அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேவையான வசதிகளைச் சேர்த்தபின் சுமார் 680 கிலோ ஆகும். 75 லிட்டர் தண்ணீர் 75 கிலோ. 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி 25. சாப்பாட்டுச் சாமான், பாத்திரம் 60. துணிமணி, படுக்கை, பாடப் புத்தகம் 80. கருவிகள், உதிரி பாகங்கள், சேற்றிலிருந்து மீட்கும் பட்டை, அதை மாட்டும் ஷேக்கிள் வளையம் 70. பின் பம்பரும் இரண்டாவது ஸ்டெப்னியும் 80. சமையல் எரிவாயு 15. நால்வரும் சேர்ந்து 200. கூட்டினால் 1,285 கிலோ. பிள்ளைகள் பயணத்தின்போதே வளர்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது வண்டிகளைப் பாருங்கள். டொயோட்டா டகோமா போன்ற நடுத்தர பிக்அப் தாங்குவது 500 முதல் 700 கிலோ வரைதான். எஃப்-150 போன்ற, 'அரை டன்' என்று பெயருக்குச் சொல்லும் வகையில், நான்கு கதவும் நான்கு சக்கர இழுவையும் இருந்தால் பெரும்பாலும் 700 முதல் 850. இரண்டு பேர் மட்டும் போகிற பயணத்துக்கு இவை பழக்கமான காட்சி. நால்வருக்குக் கணக்கு இடிக்கிறது. பெட்ரோல் எஞ்சின் போட்ட எஃப்-250 ஏறத்தாழ 1,400 கிலோ தாங்கும்; பாப்-அப் அதில் அடங்கும். ஒற்றைப் பின்சக்கர (பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம்) எஃப்-350 சுமார் 1,900. அதில் பாப்-அப்பை ஏற்றினால் 600 கிலோ மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் வீண் அல்ல. அலை அலையாய்க் கிடக்கும் கப்பி ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலும் எடையைக் கணநேரம் பெருக்கிக் காட்டுகிறது. இருப்பில் உள்ள தாங்குசக்திதான் அதை வாங்கிக்கொள்கிறது.

கெட்டிச் சுவர் வகையில் நார்தர்ன் லைட் மாதிரி பத்தடி ஃபைபர்கிளாஸ் கேம்பர் உலர் எடையிலேயே 1,350 கிலோவை ஒட்டி நிற்கும். 150 லிட்டர் தண்ணீரும், மேலே சொன்ன மற்றவையும் சேர்ந்தால் 2,000-ஐத் தாண்டும். ஒற்றைச் சக்கர எஃப்-350 இதற்குப் போதாது. எல்டி 275/70 ஆர்18, இ வகை டயர் ஒன்று 80 பிஎஸ்ஐ காற்றில் 1,650 கிலோ தாங்கும்; இரண்டும் சேர்த்து 3,300. வண்டியின் சொந்தப் பின்பக்க எடையோடு 2,000 கிலோவும் ஏறினால் இந்த எல்லையை ஒட்டிப் போய்விடும். ஆகவே பின்னால் நான்கு சக்கரம், அதாவது இரட்டைச் சக்கர வண்டி வேண்டும். அதோடு வேறு தொல்லைகளும் வரும். கப்பல் பகுதியில் பார்ப்போம்.

மீறினால் என்ன ஆகும்? முதலில் பின் பட்டா (ஸ்பிரிங்) படுத்துக்கொள்ளும். அடுத்து டயர் சூடேறிப் பக்கவாட்டில் வெடிக்கும். கடைசியாகவும் செலவு மிகுந்ததாகவும் வருவது சேசிஸ் விரிசல்; நீளமான கேம்பர் பின்னால் துருத்தி நிற்கும்போது, கேபினுக்கும் லோடு பாடிக்கும் இடையில் சேசிஸ் மடங்குகிறது. இதற்கு வைத்தியம் என்று பலரும் பட்டாவுக்குத் துணையாகக் காற்றுப்பை போடுகிறார்கள். காற்றுப்பை வண்டியை நிமிர்த்திக் காட்டும்; தாங்கும் எடையை ஒரு கிலோகூடக் கூட்டாது. பட்டா இரண்டு முனைகளில் பகிர்ந்து ஏற்றும் விசையை இது சேசிஸின் ஒரே புள்ளியில் குத்துகிறது என்பதால், மீறிய எடையோடு கப்பி ரோட்டில் ஓடுகிற வண்டிக்குக் கெடுதலே அதிகம். கூடுதல் பட்டா ஒன்றைச் சேர்ப்பது நல்லது. அதுவும் ஸ்டிக்கரை மாற்றாது.

இன்னொன்று: ஒவ்வொரு கேம்பரின் பக்கவாட்டிலும் எடைமையக் குறி இருக்கும். ஏற்றியபின் அந்தக் குறி பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன்சக்கரம் இலேசாகி, ஈர ரோட்டில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

பாப்-அப்பின் கெட்டிக்காரத்தனமும் துணியின் குறைகளும்

கூரை இறங்கிய பாப்-அப்பின் உயரம் முழு அளவு பிக்அப்பில் ஏறக்குறைய 2.5 மீட்டர். மெக்சிகோவின் சிற்றூர்த் தெருக்களில் தாழத் தொங்கும் மின்கம்பி, மரக்கிளை, பெட்ரோல் பங்க் கூரை எதுவும் தலையில் இடிக்காது. எடைமையம் தாழ்ந்திருப்பதால் சாய்வான பாதையில் ஆட்டம் குறைவு. எரிபொருளிலும் வித்தியாசம் தெரியும். பாப்-அப் ஏற்றிய எஃப்-250 நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் குடித்தால், முழு உயர கெட்டிச் சுவர் 24-ஐ ஒட்டிக் குடிக்கும். 50,000 கிலோமீட்டரில் அது 3,000 லிட்டர்.

வெப்ப நாடுகளில் துணிச்சுவர் வரம். மத்திய அமெரிக்கக் கடற்கரையில் இரவும் புழுங்கும். ஏசியை பேட்டரியில் இரவு முழுக்க ஓட்ட முடியாது. நாலு பக்கமும் வலைச் சன்னல் திறந்த பாப்-அப்பில் காற்று குறுக்கே போகும். அதற்கும் தாங்கவில்லை என்றால் மலையேறிவிடுவதே வழி. குவாதமாலாவின் ஆன்டிகுவா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கம்பளி தேடுவீர்கள்.

குளிரிலும் காற்றிலும் கதை மாறும். துணி வெப்பத்தைப் பிடித்து வைக்காது. நால்வர் மூச்சுவிட்டால் ஒரு இரவில் அரை லிட்டருக்கு மேல் நீராவி உள்ளே சேரும். அது குளிர்ந்த துணியில் பட்டுச் சொட்டும். காயாமல் கூரையை இறக்கினால் மூன்று நாளில் பூசணம். உள்ளே மாட்டும் இரண்டாவது வெப்பத் திரை பாதி உதவும். மீதிக்குக் கூரை விசிறியைக் கொஞ்சம் திறந்து வைத்தபடி ஹீட்டரை ஓட்ட வேண்டும். இரண்டு கிலோவாட் டீசல் ஹீட்டர் மணிக்கு 0.12 முதல் 0.24 லிட்டர் குடிக்கும். ஓர் இரவுக்கு ஒன்றரை லிட்டர் போதும். ஆனால் 2,500 மீட்டருக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் கரி பிடித்து அணைந்துவிடும். உயர நிலத்துக்கான சரிக்கட்டு வசதி உள்ள மாடலா என்று வாங்கும்போதே கேளுங்கள். பொலிவியாவில் சலார் தெ உயூனி 3,656 மீட்டரில் இருக்கிறது. ஹீட்டர் அணைவது எப்போதும் விடியற்காலை மூன்று மணிக்குத்தான்.

அர்ஜென்டினா, சிலியின் தென்பகுதியான படகோனியாவின் காற்று வேறொரு விஷயம். துணி இரவு முழுக்க படபடவென்று அடிக்கும், சிறு பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். கூரையை இறக்கிவிட்டால் மேல்கட்டிலில் பெரியவர்கள் படுக்க முடியாது. மரவரிசை, கட்டடம், மலைமடிப்பு எதன் பின்னாலாவது வண்டியின் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நிறுத்த வேண்டும். பின்கதவைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினால் கதவு கீலோடு பிய்ந்துவிடும்.

நம் சமையலுக்கும் பாப்-அப்புக்கும் ஒரு சங்கடம் உண்டு. கடுகு வெடித்துத் தாளித்த வாசனை துணியில் ஏறினால் பெரு தாண்டியும் போகாது. பின்கதவில் மடக்கு அடுப்பு வைத்து வெளியே தாளிப்பது உத்தமம். குக்கரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்: உயூனி உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும்; திறந்த பாத்திரத்தில் அரிசி வேகும், பருப்பு கடைசிவரை கல்லாகவே இருக்கும்.

கெட்டிச் சுவரில் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது

இதன் மதிப்பு மழை நாளில் தெரியும். சிலியின் கரெட்டெரா ஆஸ்திரால் 1,240 கிலோமீட்டர் நீளும் சாலை. வழியில் பல இடங்களில் மழை விடாது பெய்யும். நான்கு பேர் மூன்று நாள் உள்ளேயே இருக்க நேர்ந்தால் கழிவறையும், கட்டிலாக மாற்றத் தேவையில்லாத மேசையும், காய்ந்த சுவரும் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். வீட்டுப் பள்ளி நடத்தும் குடும்பங்களுக்கு மேசை நிலையாக இருப்பதே பெரிய வசதி. வெளியே மூன்று டிகிரி, உள்ளே பிள்ளை கணக்குப் போடுகிறது என்றால் அது கெட்டிச் சுவரில்தான் நிம்மதியாக நடக்கும்.

கட்டுமானத்தில்தான் ஏமாறுவார்கள். மரச்சட்டத்தில் தகடு ஒட்டி, கூரை விளிம்பில் சீலன்ட் பூசிய கேம்பர் நெடுஞ்சாலைக்கு ஆனது. அலைச்சாலையில் திருகு தளர்ந்து, சீலன்ட் கீறி, தண்ணீர் உள்ளே நுழைந்து, ஒட்டுப்பலகை ஊதும். கண்ணுக்குத் தெரியும்போது சட்டம் அழுகியிருக்கும். ஃபைபர்கிளாஸில் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டே ஓடாக வார்த்து நடுவில் ஒட்டும் வகை (நார்தர்ன் லைட், பிக்ஃபுட்) இந்தப் பயணத்துக்கு ஏற்றது. கூரையில் மூட்டே இல்லை. கதவு, சன்னல், கூரை விசிறி ஆகியவற்றின் ஓரம் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

சுவரே வெளியே நகரும் ஸ்லைடு-அவுட் இருக்கும் எதையும் விட்டுவிடுங்கள். இடத்தைத் தருவதென்னவோ உண்மை. ஆனால் ஒரு நூறு, நூற்றைம்பது கிலோவை உச்சியிலும் ஓரத்திலும் சேர்க்கிறது. ரப்பர் விளிம்பில் கப்பித் தூசி புகுந்து, மோட்டாரின் பல் தேய்ந்து, ஒரு நாள் பாதியில் நின்றுவிடும். திறந்தபடி நின்றுவிட்டால் வண்டியே ஓடாது. இருநூறு கிலோமீட்டரில் பட்டறை கிடைக்கும் நாட்டில் இதை ஏற்கலாம். அர்ஜென்டினாவின் ரூத்தா 40-இல், கோபர்னடோர் கிரெகோரெஸுக்கும் ட்ரெஸ் லாகோஸுக்கும் இடையே 'சபிக்கப்பட்ட 73' என்று ஓட்டுநர்கள் பெயர் வைத்த 73 கிலோமீட்டர் கப்பியில் எந்தப் பட்டறையும் இல்லை.

கட்டும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோடு பாடியின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கி இந்தப் பயணத்துக்குப் போதாது. ஃபோர்டின் பெரிய பிக்அப்களில் 2017 மாடலிலிருந்து பாடி அலுமினியம். மேல்விளிம்பில் இழுத்துக் கட்டினால் அலுமினியம் கீறும். சேசிஸோடு போல்ட் போட்ட தாங்கிகளில் கட்ட வேண்டும். கப்பி ரோட்டில் நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிப் பார்த்து இறுக்க வேண்டும். ஓடும்போது பின்கண்ணாடியில் கேம்பர் தனக்கென ஒரு தாளத்தில் ஆடுவது தெரிந்தால் கட்டு தளர்ந்துவிட்டது என்று பொருள்.

கேம்பரை இறக்கி வைத்துவிட்டு வெறும் பிக்அப்பில் ஊர் சுற்றலாம் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். நீண்ட பயணத்தில் இது நடப்பதே இல்லை. இறக்க சமதளம் வேண்டும், ஏற்ற அரைமணி வேண்டும், விட்டுப்போன கேம்பருக்குக் காவல் வேண்டும். கேம்பரை இறக்கி ஏற்ற மூலைகளில் மாட்டிய நான்கு ஜாக்குகளும் சேர்ந்து பல பத்து கிலோ. புதரிலும் பாறையிலும் முதலில் இடிபடுவதும் அவைதான். பாப்-அப்காரர்கள் கழற்றி வீட்டிலேயே விட்டுப்போவது சரியான முடிவு.

நிலையான பெட்டி

எஃப்-550-இன் மொத்த அனுமதி எடை 8,845 கிலோ. இதில் நீங்கள் தேடும் எல்லாமே அடங்கும்: 300 லிட்டர் தண்ணீர், கேபினிலிருந்து உள்ளே போக வழி, தனிக் கட்டில்கள். சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்போது பெட்டி உடையாமல் இருக்க மூன்று அல்லது நான்கு புள்ளிகளில் அசையும்படி ஏற்றியிருக்க வேண்டும். இறுக்கமாகப் போல்ட் போட்ட பெட்டிக்குச் சுவர் மூலைகளில் விரிசல் வரும். பின்சக்கரம் இரட்டை, டயர் 225/70 ஆர்19.5, இந்த அளவு லாரி டயர் பெரிய ஊர்களில் கிடைக்கும். ஆனால் விலை ஒரு வீட்டின் விலை. பழைய ஊர்களின் குறுகிய தெருவில் திரும்ப முடியாது. இரண்டு வருடத்துக்கு மேல் சாலையிலேயே இருக்கப்போகிற, பணமும் உள்ள குடும்பங்களுக்கானது இது. மற்றவர்களுக்கு மிகை.

பெட்ரோல் அல்லது டீசல்

முந்தைய தலைமுறையின் பதில் எப்போதும் டீசல். அமெரிக்க டீசல் பிக்அப்களில் 2007-க்குப் பிறகு புகைவடிகட்டி வந்தது. பிறகு யூரியா திரவம் தெளிக்கும் அமைப்பும் சேர்ந்தது. இவை கேட்பது 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) மேல் கந்தகம் இல்லாத டீசல். வழியில் எல்லா நாட்டிலும், எல்லா பங்கிலும் அது நிச்சயமில்லை. கந்தகம் மிகுந்தால் வடிகட்டி அடைத்து, வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். யூரியா திரவம் பிரேசிலில் ஆர்லா 32, அர்ஜென்டினாவில் அசூல் 32 என்ற பெயர்களில் கிடைக்கும். நடுவில் உள்ள சில இடங்களில் தேடி அலைய வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினின் பலவீனம் உயரம். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்தைச் சற்றே தாண்டும். டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவில் சக்தி இழக்கும். ஆனால் 430 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்டின் 7.3 லிட்டர் எஞ்சின் 2020-இலிருந்து வருகிறது. அது 260-ஆகக் குறைந்தாலும் ஏறிவிடும், மெதுவாக. அதே வண்டியில் டீசல் எஞ்சின் 250 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை; அது நேராக உங்கள் சரக்குக் கணக்கிலிருந்து கழியும். எடைக் கணக்கு இறுக்கமாக இருக்கும் குடும்பத்துக்கு இதுவே போதுமான காரணம். 2007-க்கு முந்தைய, நன்றாகப் பராமரித்த டீசல் வண்டி கிடைத்தால் மட்டும் நான் மாற்றிச் சொல்வேன்.

டேரியன் இடைவெளி

பனாமாவின் யவீசாவில் சாலை முடிகிறது. கொலம்பியா பக்கம் மீண்டும் தொடங்கும்வரை சுமார் 100 கிலோமீட்டர் காடும் சதுப்பும். வண்டியைக் கோலோனிலிருந்து கப்பலில் கார்த்தஹேனாவுக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் விமானத்தில் போக வேண்டும். பெட்டி எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை இங்கேதான் சென்டிமீட்டரில் உணர்வீர்கள்.

சாதாரண 20 அடி கன்டெய்னரின் வாசல் உயரம் 2.28 மீட்டர், உள்நீளம் 5.9. உயர்கூரை 40 அடி கன்டெய்னருக்கு வாசல் 2.58 மீட்டர், உள்நீளம் 12. இரண்டுக்கும் வாசல் அகலம் 2.34. நான்கு கதவு எஃப்-250-இன் நீளம் குட்டையான பாடியிலேயே 6.35 மீட்டர் என்பதால் 20 அடி சாத்தியமில்லை. உயர்கூரை 40 அடியில் பாப்-அப் போகும். கூரை விசிறி மூடியைக் கழற்றி, டயர் காற்றை இறக்கி, ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் நுழையும். மிச்சமிருக்கும் ஐந்தரை மீட்டரில் இன்னொரு பயணியின் காரை ஏற்றினால் செலவு பாதியாகும். இதற்குத் துணை தேடுவதை நிகராகுவாவில் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். கன்டெய்னரை உங்கள் கண்முன் பூட்டி முத்திரையிடுவார்கள்.

கெட்டிச் சுவர் உயரத்தாலும், இரட்டைச் சக்கர எஃப்-350 அதன் 2.44 மீட்டர் அகலத்தாலும் கன்டெய்னருக்குள் போகாது. எஃப்-550-ம் அப்படியே. இவற்றுக்கு வழி, ஓட்டி ஏற்றும் ரோ-ரோ கப்பல். சாவியைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். உள்ளே இருப்பது திருடு போகும் ஆபத்து இதில்தான் அதிகம். இங்கே தனி வாசல் உள்ள கேம்பருக்கு ஒரு நன்மை: கேபின் சாவியை மட்டும் கொடுத்து, கேம்பர் சாவியை வைத்துக்கொள்ளலாம். கேபினிலிருந்து உள்ளே போகும் வழியிருந்தால் ஒட்டுப்பலகையால் உள்ளிருந்து அடைத்து போல்ட் போடுங்கள். எரிவாயுத் தொட்டி எந்தக் கப்பலுக்கும் காலியாக இருக்க வேண்டும். பனாமாவில் காவல்துறை வண்டியின் அடையாள எண்ணை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு எண் பிழையாக இருந்தாலும் திருப்பி அனுப்பும். எல்லையில் வாங்கும் இறக்குமதி அனுமதியை அங்கேயே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

அந்த அனுமதியிலும் வித்தியாசம் உண்டு. மெக்சிகோ பிக்அப்புக்குத் தருவது 180 நாள்; 2007-உம் அதற்குப் பிந்தையதுமான மாடலுக்கு 400 டாலர் வைப்புத்தொகை, வெளியேறும்போது எல்லையில் ரத்து செய்தால் திரும்பும். குவாதமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்கும் சேர்ந்து உங்களுக்குத் தரும் தங்கும் காலம் 90 நாள். குழந்தைகளோடு மெதுவாகப் போகிறவர்கள் இதில்தான் கணக்கைத் தவறவிடுவார்கள். அர்ஜென்டினா வண்டிக்கு எட்டு மாதம் தருகிறது.

நால்வர் எங்கே உட்காருவது, எங்கே தூங்குவது

ஓடும்போது பிள்ளைகள் கேம்பருக்குள் இருக்கலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கூடாது. அங்கே பெல்ட் இல்லை, இருந்தாலும் அது பிடித்திருப்பது ஒட்டுப்பலகையை. நான்கு கதவுள்ள கேபின் கட்டாயம் என்பதன் காரணம் இதுவே. இரண்டு கதவு வண்டியின் நீளமான பாடியில் பெரிய கேம்பர் அமரும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும்.

மேல்கட்டில் பொதுவாக 152-க்கு 203 சென்டிமீட்டர். பெரியவர்கள் இருவருக்கும் போதும். பிள்ளைகளுக்கு மேசையை இறக்கி மெத்தை போட்ட கட்டில். எட்டு வயதில் இரண்டு பேர் சேர்ந்து படுத்தது பதினொரு வயதில் சண்டையாகும். பயண முடிவில் மூத்த பிள்ளைக்கு எத்தனை வயது என்று கணக்கிட்டு, அந்த உயரத்துக்குக் கட்டிலை அளந்து பாருங்கள். ஒவ்வோர் இரவும் கட்டில் போட்டு, காலையில் கலைக்கும் வேலை முதல் வாரம் விளையாட்டு, நாற்பதாவது வாரம் தண்டனை. இந்த ஒரு காரணத்துக்காகவே சிலர் கெட்டிச் சுவருக்கு மாறுகிறார்கள்; அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு: குளிக்காமல், பாத்திரம் சிக்கனமாகக் கழுவினால் நால்வருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். 75 லிட்டர் தொட்டி மூன்று நாள். கழிவறைக் கேசட் (கழிவு சேரும், கழற்றக்கூடிய தொட்டி) சுமார் 18 லிட்டர்; நால்வர் பயன்படுத்தினால் இரண்டே நாளில் நிரம்பும். சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் கழிவறை இதை நான்கைந்து நாளாக நீட்டும். மேல்கட்டிலுக்கு மேலே ஆள் வெளியேறும் அளவு கூரைத் திறப்பு உண்டா என்றும் பாருங்கள். ஒரே கதவுள்ள வீட்டில் அடுப்பு அந்தக் கதவருகேதான் இருக்கிறது.

யாருக்கு எது

ஒரு வருடப் பயணம், வடக்கில் கோடை, தெற்கிலும் கோடை என்று பருவத்தைத் துரத்திப் போகும் திட்டம், பிள்ளைகள் பத்து வயதுக்குள்: பெட்ரோல் எஃப்-350, ஒற்றைப் பின்சக்கரம், பாப்-அப். எஃப்-250-இலும் முடியும், ஆனால் விலை வித்தியாசம் சிறியது, மிச்ச எடை பெரியது. ஒன்றரை வருடத்துக்கு மேல், அல்லது ஏதாவது ஒரு குளிர்காலத்தை ஆண்டிஸில் கழிக்கும் எண்ணம், அல்லது பதின்வயதுப் பிள்ளை: இரட்டைச் சக்கர எஃப்-350, ஸ்லைடு-அவுட் இல்லாத ஃபைபர்கிளாஸ் கேம்பர், ரோ-ரோ கப்பலை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். இரட்டை டயர்களுக்கு நடுவில் கல் சிக்கும். கப்பியை விட்டு இறங்கியதும் ஒரு கம்பியால் நோண்டி எடுப்பதை வழக்கமாக்குங்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு அமெரிக்காவில் வாழ்பவர்களுக்குச் செல்லத்தக்க அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. தெற்கே ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும், அதுவே பயணத் திட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும்.

எதை வாங்கினாலும், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் தண்ணீரும் பெட்ரோலும் நிரப்பி, எல்லாச் சாமானையும் ஏற்றி, நால்வரும் உட்கார்ந்து நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியாக அச்சாகி வரும். பின் அச்சு எண் கதவுத் தூணில் உள்ள வரம்பில் 90 சதவீதத்தைத் தாண்டினால் இறக்க ஆரம்பியுங்கள்: முதலில் ஜாக்குகள், பிறகு இரண்டாவது ஸ்டெப்னி, அப்புறம் அட்டைப் புத்தகங்கள். குக்கர் கடைசிவரை இருக்கட்டும்.